தவசிக்குச் சுத்துன பதினோரு காயில்

பங்குனி 9, திங்கக்கெழமை

யோவ் ஒச்சப்பா, கேக்குதா? நல்லா இருக்கியா? காலைல கஞ்சி குடிச்சியா, இல்ல வெறும் டீத்தண்ணியோட பட்டறையத் தொறந்துட்டியா? மொழங்கால் வலி எப்படி இருக்கு? நான்தான், நேத்து சாயங்காலத்து ஒச்சப்பன் பேசுறேன். நாளைக்குக் காலைல நீ இதப் போட்டுக் கேப்பேல்ல, உனக்குத்தான்.

வேற யாரும் கேட்டா கிறுக்குப் பயண்டு நெனப்பாங்க. என்ன செய்ய. எனக்கு எழுத்து வராது, நம்பர் மட்டும் தெரியும். எரிஞ்ச மோட்டார் வந்தா, பழைய கம்பிய வெட்டி எடுக்கும்போதே எத்தனை சுத்து, கம்பித் தடிப்பு எந்தக் கேஜுண்டு குறிச்சு வைக்கணும். குறிக்காம விட்டா, கண்ணக் கட்டிக்கிட்டு சட்டை தைக்கிற மாதிரி. மத்த வைண்டருக நோட்டுல எழுதுறாங்க. நான் போன்ல பேசி வைக்கிறேன். வீட்டுக்காரி போய்ச் சேந்து ஆறு வருசமாச்சு, வேற யார்கிட்டப் பேச.

கேட்டுக்க. மேக்காட்டு செல்லக்கண்ணு மோட்டார், அஞ்சு எச்பி. காயிலுக்கு நாப்பத்திரெண்டு சுத்து, கேஜ் இருபத்தொண்ணு. மூணு பேஸ் வராம ரெண்டுலயே ஓட்டி எரிச்சிருக்கான். கேட்டா, "மோட்டாருக்கு எண்ணத் தெரியுமாண்ணே"ங்குறான். எரிஞ்சிருக்குல்ல, எண்ணத் தெரிஞ்சதுனாலதான எரிஞ்சிருக்கு.

பள்ளிக்கூடத்து மோட்டார் இன்னும் பிரிக்கல. உருளைய உருவி வச்ச அந்த மோட்டார்க் கூட்டுக்குள்ள நம்ம செவலைக்கோழி அடைக்கு உக்காந்திருக்கு. ஒம்பது முட்டை. கை வச்சா கொத்துது. வாத்தியார் வந்து "எப்ப கெடைக்கும்"ண்டாரு. "குஞ்சு பொரிச்ச பெறகு சார்"ண்டேன். சிரிக்காமப் போயிட்டாரு.

அப்புறம் தவசி வந்தான். மாப்ள தவசி, நம்ம தங்கச்சி சிலம்பாயி வீட்டுக்காரன். ஊருக்குக் கெழக்க வாழைத் தோட்டம் குத்தகைக்குப் பாக்குறான். தெனம் மூணு கட்டுப் பீடி குடிச்சவன். நெஞ்சுக்குள்ள விசில் அடிக்க ஆரம்பிச்சுச்சு. தை மாசம் சிலம்பாயி அவன இழுத்துக்கிட்டுப் போயி, கருப்பன் கோயில்ல தட்டுல சூடத்தக் கொளுத்தி, உள்ளங்கையால அடிச்சு அணைக்கச் சொன்னா. "பீடியத் தொட மாட்டேன், பீடிக்கு நெருப்பும் தொட மாட்டேன்"ண்டு சத்தியம். பக்கத்துல சாட்சியா நின்னது நான்தான். அதுல இருந்து அவன் படுற பாடு. வாழை நாரக் கடிச்சுக்கிட்டே திரியுறான். மாட்டத் திட்டுறான், மாடு என்ன செஞ்சுச்சு.

இன்னைக்கு வந்து ஸ்டூல்ல உக்காந்து, "மச்சான், நெருப்பு இல்லாமப் புகை வருமா"ண்டான்.

"ஊதுபத்திகூட நெருப்புதான் மாப்ள."

"கம்பி மட்டும் சூடாகும். பேட்டரி. மலேசியால இருந்து வந்துருக்கான்ல கீழத்தெரு குணசீலன், அவன் பாக்கெட்டுல பேனாக் கணக்கா ஒண்ணு வச்சிருக்கான். அமுக்கி இழுத்தாப் புகை. உள்ள பாத்தேன், ஒரு பொடிக் காயில். எறும்புக்கு மோட்டார் செஞ்சா எப்படி இருக்கும், அப்படி."

"கடைல வாங்கிக்க வேண்டியதுதான்."

"நம்ம நாட்டுல விக்கக் கூடாதாம். அதான் உங்கிட்ட வந்தேன்."

"கருப்பன்கிட்ட என்ன சொல்லுவ?"

"சத்தியத்துல பீடி இருந்துச்சு, நெருப்பு இருந்துச்சு. காயில் இல்லையே மச்சான்."

ரெண்டு பேரும் சிரிச்சோம். அம்புட்டுத்தான் இன்னைக்கு. மறக்காத, நாப்பத்திரெண்டு சுத்து.

பங்குனி 11, புதங்கெழமை

செல்லக்கண்ணு மோட்டார் ஒரு பக்கம் முடிஞ்சது.

தவசி சோலி. பழைய இஸ்திரிப் பெட்டில இருந்து ஹீட்டர் கம்பி எடுத்தேன். சாக்குத் தைக்கிற ஊசி மேல ஆறு சுத்து சுத்துனேன். உள்ள விளக்குத் திரி. பேட்டரி ரெண்டு, கெட்டுப்போன லேப்டாப்புல உருவுனது. புகையிலைய ஊறப்போட்ட கிளிசரின் அவனே கொண்டாந்தான். எங்கிட்டு இருந்து கத்துக்கிட்டானோ.

அமுக்குனா, ஆத்தாடி, கொல்லன் உலை மாதிரி செவந்து, திரி கருகிப்போச்சு. சூடு கொறையணும்ண்டா சுத்தக் கூட்டணும். எட்டு போட்டேன், பத்து போட்டேன். பத்துல புகை வந்துச்சு, திரி கருகல. தவசி இழுத்துப் பாத்துட்டு, "நாக்கச் சுடுது, நெஞ்சுல ஏறல"ண்டான். ஆளுக்கொரு சூடு வேணும். ரேடியோவுல சத்தம் கூட்டிக் கொறைக்கிறோம்ல, அந்த மாதிரி இதுக்கும் ஒரு திருகி வேணும்.

எனக்கு இதுல ஒரு ருசி வந்துருச்சு, பொய் சொல்லக் கூடாது. முப்பது வருசமா தண்ணி எறைக்கிறதுக்கே சுத்தியிருக்கேன்.

பங்குனி 12, வியாழக்கெழமை

திருகி வச்சாச்சு. ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும், எழுத்து வராததுனால நகப்பாலீஷ்ல புள்ளி வச்சுக் குடுத்தேன். செம்புக் குழாய்ல கூடு. பாக்க அழகா இருக்கு.

ஒரே ஒரு எடஞ்சல். கம்பி பொடிசு. பாக்கெட்டுல போட்டுக் குலுக்குனா சுத்தும் சுத்தும் ஒட்டிக்கிருது, ஒட்டுனா கண்டபடி சூடாகுது. அதுக்கு வழக்கம்போல மோட்டார் வார்னிஷ பிரஷ்ஷால ஒரு கை பூசி வெயில்ல காயவச்சேன். சுத்து இப்ப அசையாது. வார்னிஷ் போடாத காயில நான் பட்டறைய விட்டு வெளிய அனுப்புனதே இல்ல. தேனிப் பக்கம் ஒருத்தன் இருந்தான், வார்னிஷ மிச்சம் பிடிப்பான். அவன் சுத்துன மோட்டாருக மழை பேஞ்ச மறுநாளே வரிசையா எங்கிட்ட வரும், கல்யாணத்துக்கு வந்த சனம் மாதிரி.

பங்குனி 14, சனிக்கெழமை

தவசிக்கு மொகமே மாறிப்போச்சு. சிலம்பாயி என்னைப் பாத்து, "அண்ணே, அந்த மனுசன் இப்பத்தான் மனுசனா இருக்காரு. என்னமோ மிட்டாய் வாங்கித் தந்தியாமே"ண்டா. ஆமாண்டேன்.

தவசி சொன்னான், "மொத நாலு இழுப்பு உன் பட்டறைய முழுங்குற மாதிரி இருக்கு மச்சான். பெறகு சரியாயிருது."

"பழகிரும்."

"பீடியும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு."

காயில் கருத்துப்போச்சுண்டு புதுசு கேட்டான். சுத்திக் குடுத்தேன். ரெண்டாவது.

பங்குனி 17, செவ்வாக்கெழமை

அரவை மில் மோட்டார், அம்பத்தாறு சுத்து, கேஜ் பத்தொம்பது. தவசிக்கு மூணாவது, நாலாவது. இப்ப ரெண்டு கை வார்னிஷ் போடுறேன், அப்பத்தான் தாங்குது.

பங்குனி 19, வியாழக்கெழமை

ஒச்சப்பா, ஒண்ணு சொல்லுறேன், பயப்படாத.

அரவை மில்லுக்குச் சுத்த ஆரம்பிக்கலாம்ண்டு செவ்வாக்கெழமை பேசுனதப் போட்டுக் கேட்டேன். காலைல பத்து மணி, நல்ல வெயில், ரோட்டுல பஸ்சு போகுது. என் குரல் வருது, "அம்பத்தாறு சுத்து"ங்குது. அதுக்குப் பெறகு கொஞ்ச நேரம் சும்மா. அந்தச் சும்மாவுக்குள்ள ஒருத்தன் மூச்ச இழுக்குறான். உஸ்ஸுண்டு, நீளமா. கூடவே சடசடண்டு ஒரு பொடிச் சத்தம். திரில தண்ணி பட்டா வருமே, அந்தச் சத்தம். தவசி அதை இழுக்கும்போது வர்ற சத்தம்.

செவ்வாக்கெழமை நான் பேசும்போது பட்டறைல யாரும் இல்ல. தவசி வாழைக்குத் தண்ணி பாச்சிக்கிட்டு இருந்தான், பேசி முடிச்சு அந்தப் பக்கம் போனப்ப நானே பாத்தேன்.

கோழி சீத்தடிச்சிருக்கும். அடைக்கோழி அப்படித்தான் சீறும். ரெண்டு தடவை போட்டுக் கேட்டேன். கோழிதான்.

பங்குனி 23, திங்கக்கெழமை

ஒம்பது முட்டைல ஏழு பொரிச்சிருச்சு. வாத்தியாருக்குச் சொல்லி அனுப்பணும்.

தவசி வந்தான். பேசும்போது இருமல். முந்தி இருமுனா சளி வரும், இப்ப வறட்டு இருமல், தகரத்த மடக்குற மாதிரி. மொகம் வெளுத்திருக்கு. நான் கேட்டேன், "ஒடம்புக்கு என்ன மாப்ள?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. இதுக்குத்தான் என்னமோ ஆகிப்போச்சு"ண்டு கருவிய எடுத்து மேசைல வச்சான். "அமுக்காமலே பத்துது மச்சான். ஒண்ணாம் புள்ளில வச்சாலும் அஞ்சாம் புள்ளிச் சூடு. நேத்து மடில வச்சிருந்தேன், தானா இழுத்துக்கிருது."

"எது இழுக்குது?"

"அதான். புகை வெளிய வருது, உள்ள போகுது. வாய் இல்லாத எடத்துல."

"வெயில்ல கெறங்கியிருப்ப."

கழட்டிப் பாத்தேன். அமுக்குற பட்டன் சரி. திருகி சரி. மீட்டர் வச்சுப் பாத்தேன், காயில்ல ஒரு கொறையும் இல்ல. பேட்டரிய எடுத்துட்டுக் காயில மட்டும் இரும்புத் தகட்டுல வச்சேன். அவனுக்கு டீ வாங்கிக் குடுத்து, செல்லக்கண்ணு மாமனாரு ரெண்டாங் கல்யாணம் பண்ணுன கதையச் சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆயிருக்கும். பெறகு காயில எடுத்தேன். ஆள்காட்டி வெரல் கொப்பளிச்சுப்போச்சு.

வெயில் தகடு. பங்குனி வெயில்ல தகட்டுல முட்டை வேகும். நிழல்லதான் வச்சேன், ஆனாலும் அனல் அடிக்கும்ல.

ஒம்பதாவது சுத்திக் குடுத்தேன். "கொஞ்ச நாளைக்கு விட்டுத் தொலையேன்"ண்டேன். "நீ நல்லாச் சுத்து, நான் விடுறேன்"ண்டான். சுத்து லூசா இருக்குறதுனாலதான் இப்படிண்டு எனக்குத் தோணுது. அடுத்ததுக்கு மூணு கை வார்னிஷ் போடணும்.

பங்குனி 25, புதங்கெழமை

பத்து, பதினொண்ணு. மூணு கை. ரெண்டு நாள் வெயில்ல காயணும், அவன் அவசரத்துக்கு அரை நாள்தான் காஞ்சுச்சு.

பங்குனி 26, வியாழக்கெழமை

சோலி எதுவும் இல்ல இன்னைக்கு. இருந்தாலும் பேசுறேன்.

உச்சிப்பொழுது. சோறு கொண்டுபோன சிலம்பாயி ரோட்டுல கத்திக்கிட்டு ஓடியாந்தா. நான் சைக்கிள எடுத்துக்கிட்டு முந்திப் போயிட்டேன். வாழைக்குள்ள மூணாவது பாத்தில கெடந்தான், மல்லாக்க. வாய் தொறந்திருக்கு. நெஞ்சு அசையல.

கருவி கைல இருந்துச்சு. செவந்து கெடக்கு. அதுல இருந்து புகை வந்துச்சு, நின்னுச்சு. வந்துச்சு, நின்னுச்சு. வாழைக்குள்ள அந்நேரம் ஒரு இலை அசையல, காத்தே இல்ல. அவசரமில்லாம, அசந்து தூங்குறவன் மூச்சு விடுற மாதிரி வந்துச்சு அந்தப் புகை. மாப்ள மூச்சு விடல, அது விட்டுச்சு.

நான் அதப் பிடுங்கி, பேட்டரிய உருவி, வேட்டி மடில சொருகுனேன். சொருகுன ஒடனே தவசி நெஞ்சு தூக்கிப்போட்டுச்சு. மூச்ச இழுத்தான். ஆஸ்பத்திரி வண்டி வர்றதுக்குள்ள சிலம்பாயி வந்து தலைய மடில எடுத்து வச்சுக்கிட்டா. "என்னண்ணே ஆச்சு, என்னண்ணே ஆச்சு"ங்குறா. "வெயில்"ண்டேன்.

அதச் சொருகுன எடத்துல இடுப்பு வெந்து பொத்துப்போச்சு. ரெண்டு ரூபாக் காசு அகலம்.

பங்குனி 27, வெள்ளிக்கெழமை

மதுரைல ஆஸ்பத்திரி. மூக்குக்கும் வாய்க்கும் மூடி வச்சு காத்துக் குடுக்குறாங்க. ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, கண்ணாடி போட்டவுக. சிலம்பாயியக் கூப்பிட்டு வச்சுக் கேட்டாங்க, "இது பழைய பீடி நோவு இல்லம்மா. நுரையீரல் வெந்த மாதிரி இருக்கு. புதுசா ஏதோ புகை உள்ள போயிருக்கு. என்ன இழுத்தாரு?"

சிலம்பாயி நிமுந்து சொன்னா, "எதையும் இழுக்க மாட்டாருங்க. சூடம் அணைச்சிருக்காரு. எங்கண்ணன் சாட்சி."

டாக்டரம்மா என்னப் பாத்தாங்க. நான் தலைய ஆட்டுனேன். ஆமாண்டு ஆட்டுனேனா இல்லேண்டு ஆட்டுனேனா எனக்கே தெரியல.

"என்ன புகைண்டு தெரிஞ்சா அதுக்குத் தக்க வைத்தியம் பண்ணலாம்"ண்டாங்க.

தவசி சத்தியத்த மீறல. பீடியத் தொடல, நெருப்பத் தொடல. நான் தலைய ஆட்டுனது பொய்யில்ல ஒச்சப்பா. நீயே ரோசிச்சுப் பாரு.

பங்குனி 29, ஞாயித்துக்கெழமை

பள்ளிக்கூடத்து மோட்டாரப் பிரிச்சேன். மனசு எங்கயாச்சும் போயிரக் கூடாதுண்டு போனப் போட்டுவிட்டு, ஒவ்வொரு சுத்தா சத்தமா எண்ணிக்கிட்டே பிரிச்சேன். இப்ப கேட்டுப் பாத்தேன்.

ஒண்ணு. உஸ்ஸு. ரெண்டு. உஸ்ஸு. மூணு. உஸ்ஸு. முப்பத்தெட்டு வரைக்கும். எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவுல யாரோ மூச்சு இழுக்குறாங்க. நான் ஒரு எடத்துல எண்ணத் தவறி நிக்குறேன். அங்க அதுவும் நிக்குது, மூச்சப் பிடிச்சுக்கிட்டு. நான் "இருபத்தேழு"ங்குறேன். அது விடுது.

கோழி இப்ப வெளிய மேயுது, குஞ்சுகளக் கூட்டிக்கிட்டு.

கருவி மேசை டிராயர்ல இருக்கு. பேட்டரி இல்ல. டிராயர்ப் பலகை அடில கைய வச்சா, கன்னுக்குட்டி வயித்தத் தொட்ட மாதிரி இருக்கு.

சித்திரை 1, செவ்வாக்கெழமை

வருசப் பெறப்பு. பட்டறை தொறக்கல.

சித்திரை 2, புதங்கெழமை

தவசியப் பாத்தேன். கண்ணு தொறந்திருந்துச்சு. பேச முடியாது. அந்தக் காத்து மிசினு சத்தம் இருக்கே, உஸ்ஸுண்டு இழுத்து, நின்னு, விடுது. நான் அங்க நிக்கவே கூடாதுண்டு நெனச்சேன்.

என்னைப் பாத்ததும் கையத் தூக்குனான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேத்து, எதையோ திருகுற மாதிரி காட்டுனான். இடது பக்கமா. திரும்பத் திரும்ப. சிலம்பாயி, "பாட்டில் மூடியத் தொறக்கச் சொல்றாரு, தண்ணி கேக்குறாரு போல"ண்டா. தண்ணி இல்ல. கொறைக்கச் சொல்றான். ஒண்ணாம் புள்ளிக்குக் கொறைக்கச் சொல்றான் எங்கிட்ட.

வெளிய வந்தா டாக்டரம்மா. "ஐயா, நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"மோட்டார் காயில் சுத்துறேங்கம்மா."

"அவரு உங்க பட்டறைல வேலை செஞ்சாரா? பெயிண்டு, வார்னிஷ், தின்னர் அந்த மாதிரி ஏதாவது சூடாக்கி, அது பக்கத்துல இருந்தாரா?"

"இல்லீங்கம்மா. அவரு வாழைத் தோட்டம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"வாழைதாங்கம்மா."

முப்பது வருசமா அந்த வார்னிஷ நான் மூக்குல வாங்கிக்கிட்டு இருக்கேன். எனக்கு என்ன ஆயிருச்சு? மாடிப்படி ஏறுனா கொஞ்சம் எளைக்கும். அது யாருக்கும் எளைக்கும். காலைல கொஞ்சம் இருமல் வரும். அது பல்லு வெளக்குறதுனால. டப்பாவுல மண்டை ஓட்டுப் படம் ஒண்ணு போட்டிருக்கான், எலி மருந்துக்கும் போடுறான், பூச்சி மருந்துக்கும் போடுறான், எல்லாத்துக்கும் போடுறான்.

அந்த வார்னிஷ் சூடாகாத காயிலுக்குப் போடுறது. அது எனக்குத் தெரியும். இஸ்திரிப் பெட்டி காயிலுக்கு எவனும் வார்னிஷ் போட மாட்டான். நானும் இது வரைக்கும் போட்டதில்ல. காயில்ண்டு ஒண்ணக் கைல எடுத்தா கை பிரஷ்ஷத் தேடுது, நான் என்ன செய்ய.

சித்திரை 4, வெள்ளிக்கெழமை

இன்னைக்கு அதுக்கு ஒரு முடிவு கட்டலாம்ண்டு கருவிய ஒடைச்சேன். கூட்டை நசுக்கி, திருகியப் பிச்சு எறிஞ்சேன். காயில் மட்டும் மிச்சம். அரிசி அளவுதான் இருக்கும். ஒரு வாளித் தண்ணில போட்டேன்.

கரண்டு இல்ல, பன்னெண்டு மணிக்குப் போனது மூணு மணிக்குத்தான் வந்துச்சு. பேன் ஓடல, ஊரே ஊமையாக் கெடந்துச்சு. நான் வாசல்ல உக்காந்திருந்தேன். ஒரு மணி வாக்குல உள்ள சளசளண்டு சத்தம். போய்ப் பாத்தா வாளி அடில இருந்து ஒத்தக் குமிழி வருது, நிக்குது, வருது. தண்ணில கைய வச்சேன். குளிக்கலாம், அம்புட்டுச் சூடு.

வார்னிஷ் வாசம் அடிச்சுச்சு. அதோட சூடத்து வாசமும்.

காயிலுக்குச் சூடு கொடுக்கக் கரண்டு வேணும், இல்ல பேட்டரி வேணும். இது எனக்குத் தெரிஞ்ச ஒரே விசயம். இதுவும் பொய்யாப்போனா எனக்கு என்ன தெரியும் ஒச்சப்பா.

சித்திரை 5, சனிக்கெழமை

சிலம்பாயி மாத்துத்துணி எடுக்க ஊருக்கு வந்தா. நேரா பட்டறைக்கு வந்து தவசி உக்கார்ற ஸ்டூல்ல உக்காந்தா. ஒம்பது நாள்ல பாதி ஆளாப் போயிட்டா.

"ஊருல பேசுறாங்கண்ணே. ஒளிஞ்சு பீடி குடிச்சிருப்பான், கருப்பன் கேட்டுட்டான்ங்குறாங்க. கடைக்காரி மொகத்துக்கு நேரா கேக்குறா."

"அவ கெடக்குறா."

"நீதான பக்கத்துல நின்ன. நீ வந்து கோயில்ல ஒரு சூடத்த அணைச்சு, எம் மாப்ள சத்தியத்த மீறலண்டு சொல்லிருண்ணே. அப்பவாச்சும் வாய மூடுவாங்க."

நான் கம்பிய நேராக்கிக்கிட்டே இருந்தேன்.

"டாக்டரம்மா சொன்னாங்க," இத அவ தரையப் பாத்துக்கிட்டே சொன்னா, "என்ன புகைண்டு தெரியாம குருட்டாம்போக்குல மருந்து குடுத்துக்கிட்டு இருக்கோம்ண்டு. இப்படியே போனா ரெண்டு நாள், மூணு நாள்தானாம். தெரிஞ்சா வேற மருந்து இருக்காம். நான் வீட்டுல பரண், குதிரு, வைக்கப்படப்பு எல்லாம் தேடிட்டேன். ஒரு துண்டுப் பீடி இல்ல. என்னத்தச் சொல்லுவேன் அவுககிட்ட?"

"நாளைக்கு நான் வாரேன்"ண்டேன்.

"கோயிலுக்கா, ஆஸ்பத்திரிக்கா?"

கீழ விழுந்த கம்பித் துண்டப் பொறுக்கக் குனிஞ்சேன். அவ எழுந்திரிக்கும்போது, "இங்க எதோ கருகுற வாசம் வருதுண்ணே, பாத்துக்க"ண்டா. அவளுக்கும் வாசம் வந்திருக்கு.

சித்திரை 6, ஞாயித்துக்கெழமை

இன்னைக்கு உனக்கில்ல ஒச்சப்பா. நீ சும்மா கெட. டாக்டரம்மாவுக்குப் பேசுறேன்.

டாக்டரம்மா, வணக்கங்க. நான் தவசியோட மச்சான், காயில் சுத்துறவன். உங்க ரூமுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கேன், காலைல ஒம்பதரை மணி. நேர்ல நின்னா என் வாய் வேற எங்கிட்டாச்சும் போயிரும், கோழிக்கதை சொல்ல ஆரம்பிச்சுருவேன். அதான் இதுல பேசி, போனோட உங்க கைல குடுத்துரலாம்ண்டு. கொரலக் கொறைச்சுப் பேசுறேன், பக்கத்துல தங்கச்சி செவுத்துல சாஞ்சு தூங்குறா.

மோட்டாருக்குச் சொல்ற மாதிரி சொல்லுறேங்கம்மா, அப்பத்தான் எனக்குச் சரியா வரும்.

ஆளு தவசி. சுத்துனது ஒச்சப்பன். புகை இழுக்குற கருவி, நானே செஞ்சது. மொத்தம் பதினோரு காயில். ஒவ்வொண்ணும் பத்து சுத்து. கம்பி இஸ்திரிப் பெட்டி ஹீட்டர் கம்பி, அதுல கொறையில்ல. ஊத்துனது கிளிசரின்ல ஊறவச்ச புகையிலை. போட்டது மோட்டாருக்குப் போடுற வார்னிஷ், மஞ்ச நெறம், டப்பாவக் கொண்டாந்திருக்கேன், எழுத்த நீங்களே படிச்சுக்கங்க. மொத ரெண்டு காயிலுக்கு ஒரு கை. மூணுல இருந்து ஒம்பது வரைக்கும் ரெண்டு கை. பத்துக்கும் பதினொண்ணுக்கும் மூணு கை. அது ரெண்டும் சரியாக் காயவுமில்ல. பங்குனி பன்னெண்டுல இருந்து இருபத்தாறு வரைக்கும் இழுத்தாரு. ஒரு நாளைக்கு எத்தனைண்டு தெரியல. நெறைய.

அன்னைக்கு நீங்க வார்னிஷாண்டு கேட்டப்ப நான் வாழைண்டேன். நாலு நாளாச்சு. அந்த நாலு நாளுக்கு என்ன வைத்தியம்ண்டு எனக்குத் தெரியல.

காயிலும் இருக்குங்க, பொட்டலத்துல கட்டி உள்ளங்கைல வச்சிருக்கேன். பஸ்சுல வரும்போது ஒரு கைல வைக்க முடியல, கைய மாத்தி மாத்தித்தான் வந்தேன். இப்ப தொட்டா அம்புட்டா சூடு இல்ல. என் கை வேர்வைல ஆறியிருக்கும். நீங்க எதுக்கும் துணி வச்சே வாங்குங்க.

இன்னொண்ணு. நான் பேசும்போது நடுவுல மூச்சு இழுக்குற மாதிரி சத்தம் கேட்டா, அது நான் இல்ல. தவசியும் இல்ல, அவரு உள்ள படுத்திருக்காரு. அதக் கண்டுக்காதீங்க, நான் சொல்ற கணக்க மட்டும்...

"கடைசி ரெண்டுக்கு எத்தனை கைண்ணே?"

நீ தூங்கலையா ஆத்தா?

"எத்தனை?"

மூணு.

"ம்."

கண்ணத் தொறந்து என்னப் பாரு சிலம்பாயி. திட்டவாச்சும் செய்யி. நான் என்ன நெனச்சேண்டா, சுத்து அசையாம இருக்கணும்ண்டு...

"தவசிக்கு வந்தவங்க யாருங்க? தவசி அட்டெண்டரு? டாக்டர் கூப்பிடுறாங்க, வெரசா வாங்க."

இந்தா வாரேன் நர்சம்மா. நீ எந்திரிக்காத சிலம்பாயி, உக்காரு, இந்தப் பொட்டலத்தத் தொடாத, நான் போறேன், அவுகளுக்குச் சொல்ல வேண்டியது பூராம் எங்கிட்டத்தான் இருக்கு, நான் மொதல்ல அந்த டப்பாவக் காட்டி